ஏழாம் தலைமுறையோடு நிறுத்தினேன்

பிராண்டன்,
பிப்ரவரி 16

அன்பு மகள் டாரியாவுக்கு,

நானும் உன் அம்மாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த வடக்குக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே பத்து நாளாக மைனஸ் முப்பதுக்கு மேலே ஏறவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், ஆனாலும் சனிக்கிழமை நூற்றிருபது பெரோகிக் கொழுக்கட்டை பிடித்து சர்ச்சுக்குக் கொடுத்தனுப்பினாள், எனக்கு மிஞ்சியது வாய் பிளந்துபோன ஆறு. உன் மாமா நவம்பரில் எடுத்துப்போன பனி தள்ளும் இயந்திரத்தை இன்னும் கொண்டுவரவில்லை, நானும் கேட்கப்போவதில்லை, மண்வாரியால் தள்ளிக்கொண்டு அவன் தெருப் பக்கம் திரும்பாமல் இருக்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் வழக்கம்போல் என் பக்க நியாயத்தைப் பேச ஆரம்பித்துவிடுவேன், அதனால்தான் கடிதம். விஷயம் உன் எலிகளைப் பற்றியது. உனக்கு வேலை கிடைத்த ஆல்பர்ட்டா மாகாணத்தில் வளர்ப்பு எலிகூடக் கூடாது என்று சட்டம், அதனால் ஆறு தலைமுறையாக நீ பார்த்துப் பார்த்துச் சேர்த்து வளர்த்த அந்த நீலச்சாம்பல் வம்சத்தை என்னை நம்பி விட்டுப்போனாய். அதை நான் கெடுத்துவிட்டேன். எப்படி என்று முழுதும் சொல்கிறேன், நடுவில் கோபப்படாதே, கடைசியில் படு. ஆண் எலிக்கு ஒரு வயது முடிந்து குணம் தெரிந்த பிறகுதான் பெட்டையோடு சேர்க்க வேண்டும் என்று உன் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய். நான் மார்ஷலை ஆறு மாதத்தில் சேர்த்தேன். அவன் ரோமம் அப்படி, வெயிலில் பிடித்தால் மழைமேகம் மாதிரி இருக்கும். அதைவிட, வின்னிபெக் எலிக் கண்காட்சியில் போன தடவை எனக்கு மூன்றாம் இடம் கொடுத்து, சீட்டில் 'நல்ல முயற்சி' என்று எழுதிய அந்த நடுவரை அக்டோபர் கண்காட்சியில் வாயடைக்க வைக்க வேண்டும் என்று இருந்தது. ஐம்பத்தேழு வயதுக்காரனுக்கு நல்ல முயற்சியாம். ஜூலைக் கடைசியில் பதினொரு குட்டிகள் பிறந்தன, ஐந்து ஆண், ஆறு பெட்டை. குட்டிகள் பிரிவில் முதலிடம் வாங்கினோம். போனில் உன்னிடம் அதை மட்டும் சொன்னேன்.

நவம்பரில் மார்ஷல் மாறினான். ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு பக்கவாட்டில் வந்து முட்டினான், கூண்டுத் தோழனின் முதுகைக் கிழித்தான், என் சட்டைக் கையைக் கவ்வி விடாமல் தொங்கினான். அவனைத் தனிக் கூண்டில் போட்டுவிட்டுக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன், எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். குட்டிகள் அதற்கு முன்பே வீடுகளுக்குப் போயிருந்தன. ஆண் குட்டிகளில் இரண்டு போனது லோர்ன் தீசன் வீட்டுக்கு. ஆமாம், ஒன்பது வருடத்துக்கு முன் எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தானே, அதே லோர்ன். கொடுத்திருக்கவே மாட்டேன், ஆனால் உன் நோட்டில் அவன் பெயருக்கு எதிரே 'நல்ல வீடு, மறுபடியும் கொடுக்கலாம்' என்று உன் கையெழுத்து இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் எனக்குத் தெரியாமல் அவன் மனைவி ஹெடிக்கு இரண்டு எலி கொடுத்திருக்கிறாய் என்பதே அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. எலி வளர்ப்போர் சங்கத்துக் காரியதரிசி பெவர்லி மூலமாகக் கொடுத்தனுப்பினேன், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரியில் ஒரு மத்தியானம் அவனே போன் செய்தான். இரண்டு எலிகளில் பெரியது அவன் கட்டைவிரலை எலும்புவரை கடித்துவிட்டது, நாலு தையல் என்றான். பொய் சொல்லமாட்டேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ சரியாகக் கையாண்டிருக்கமாட்டாய் என்றேன். அவன் நிதானமாக, "ஓரெஸ்ட், முப்பது வருஷம் பத்தாம் வகுப்புப் பசங்களையே கையாண்டவன்டா நான், உன்னையும் சேர்த்து," என்று சொல்லிவிட்டு, "அதோட அப்பன் எப்படி? அவனுக்கும் இந்தக் குணம் உண்டா?" என்று கேட்டான். தங்கமான குணம் என்றேன். எனக்குப் பின்னால் மார்ஷல் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். உன் அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டே அடுப்பைத் துடைத்தாள், போனை வைத்ததும், "கடிபட்டது லோர்ன், விஷம் ஏறினது என்னவோ உனக்குத்தான் போலிருக்கே," என்றாள். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் உன் நோட்டை எடுத்தேன். அந்த வெளிர்மஞ்சள் வம்சத்தின் பக்கம் வந்தது. உனக்குப் பத்தொன்பது வயது, கோப்பை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, யார் வீட்டிலோ இரண்டு குட்டிகளுக்கு வலிப்பு வந்ததென்று தெரிந்ததும் அந்த வம்சத்தையே நிறுத்தினாய். சமையலறை மேசையில் உட்கார்ந்து பதினான்கு வீடுகளுக்குக் கடிதம் எழுதினாய், பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் எந்த நாளும் எலியைத் திருப்பித் தரலாம் என்று. அன்றைக்கு உன் தலைக்கு மேலே நின்று, "ரெண்டு எலிக்கு இழுத்துக்கிச்சுன்னு ஊருக்கெல்லாம் தமுக்கடிப்பியா, பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னும் ஒன்பது கடிதம் இருக்குப்பா, ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுங்க," என்றாய். ஒட்டிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். இருபத்தெட்டு வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான், அந்த மேசையில் நீ செய்ததைப் போல நேர்மையான ஒரு காரியத்தை என் வகுப்பறையிலும் பார்த்ததில்லை, ஆசிரியர்கள் அறையில் நிச்சயமாகப் பார்த்ததில்லை.

நோட்டை எடுத்த அன்றே குட்டிகளை வாங்கிய எல்லோருக்கும் போன் செய்தேன், லோர்னைத் தவிர. பெட்டைகள் எல்லாம் சாதுவாக இருக்கின்றன, அவற்றுக்கு இனி ஈற்று வேண்டாம் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். மற்ற மூன்று ஆண் எலிகளில் ஒருவன் போர்ட்டேஜ் ஊரில் ஒரு நர்ஸ் வீட்டில் இருக்கிறான், அவள் கையெல்லாம் காயம், தன் வளர்ப்புதான் தப்போ என்று வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். குறை உங்களுடையதில்லை, என்னுடையது என்றேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். மற்ற இருவரும் இதுவரை சாதுதான், அவர்களையும் எந்தப் பெட்டையோடும் சேர்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை கூண்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு லோர்ன் வீட்டுக்கு நேரிலேயே போனேன். கதவைத் திறந்தவனிடம் உள்ளே போகாமல் வாசலிலேயே சொன்னேன், அப்பனும் கடிக்கிறவன்தான், தெரிந்தே உன்னிடம் பொய் சொன்னேன் என்று. அவன், "உள்ள வந்து சொல்லு, சூடெல்லாம் வெளிய போகுது," என்றான். காப்பி கொடுத்தான், தண்ணீர் மாதிரி இருந்தது, அவன் எப்போதும் அப்படித்தான். பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஹெடி சாகுறதுக்கு முந்தின மாசம் என்கூடப் பேசினதைவிட அந்த ரெண்டு எலிகூடப் பேசினதுதான் அதிகம். உன் பொண்ணு ஆறு மாசத்துக்கு ஒருக்கா போன் பண்ணி, சாப்பிடுதா, மூச்சு சத்தம் வருதான்னு கேப்பா. அவ்வளவு தூரம் போனப்புறமும் விடல. ரெண்டாவது எலி செத்தப்போ எதனால செத்துச்சுன்னு கேட்டு எழுதிக்கிட்டா, அப்புறம், நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டா பாரு, அதை வேற யாரும் கேக்கல." இதை நீ என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவன் முன்னால் எதுவும் காட்டிக்கொள்ளாமல் காரில் வந்து உட்கார்ந்தேன், வண்டியைக் கிளப்பச் சற்று நேரம் ஆயிற்று.

லோர்னைக் கடித்தவனை வீட்டுக்குக் கொண்டுவந்து, மார்ஷலோடு சேர்த்துக் கால்நடை மருத்துவரிடம் காயடித்தாயிற்று, நர்ஸ் வீட்டு எலிக்கும் அடுத்த வாரம், ஒன்றரை மாதத்தில் சாந்தமாகிவிடும் என்கிறார். அதுவரை இருவரும் என்னிடம், தனித்தனிக் கூண்டில். தம்பிக்காரன் சாது, அவன் லோர்னோடுதான் இருக்கிறான், தனியாகத் தவிக்கக்கூடாது என்று பெவர்லி ஒரு கிழட்டு எலியைத் துணைக்குக் கொடுத்திருக்கிறாள். உன் நோட்டில் கடைசிப் பக்கத்தில், வம்சம் நிறுத்தப்பட்ட காரணம் என்று நீ கோடு போட்டு வைத்த இடத்தில், ஆண் எலியை வயது வருமுன் சேர்த்தது, செய்தவர் ஓரெஸ்ட் ஹ்னாடியுக் என்று பேனாவால் எழுதினேன். பெவர்லி அந்தப் பக்கத்தைச் சங்கக் கூட்டத்தில் புதிதாக வளர்ப்பவர்களுக்குப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டாள். முதல் பக்கத்தையும் சேர்த்துப் படி, அது என் மகள் எழுதியது என்றேன்.

லோர்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த நாற்காலி என்னுடையதுதான்.

கார் எஞ்சினுக்குச் சூடு வைக்கும் பிளக்கை மறக்காமல் மாட்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. எங்கே இருந்தாலும் கடவுள் உன் கையைச் சுத்தமாகவும் மனதைத் தைரியமாகவும் வைத்திருக்கட்டும். ஆகஸ்ட் பதினான்கோடு நான் லோர்ன் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது, லோர்னுக்குப் போன் செய்து எலி எப்படி இருக்கிறது, அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்க வேண்டும், நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நீ ஞாபகப்படுத்த வேண்டாம்.

உன் அப்பா,
ஓரெஸ்ட்