முதுகில் போடும் ஊசி

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டப் போயிருந்த கணவன் அமலதாசுக்கு, டாக்சியில் ஏறுமுன் ஜெனவீவ் சீட்டு எழுதிச் சோற்றுப் பானைமேல் வைத்தாள்.

“என்னங்க, வலி வந்திருச்சு. கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். ரசம் இருக்கு, கருவாடு பொரிச்சுக்குங்க. மோட்டார் சைக்கிள் சாவி ஜன்னல்ல இருக்கு.

பிரசவ வலி தெரியாம இருக்க முதுகுல ஊசி போட்டுக்கறேன்னு சொன்னதுக்கு, கால் விளங்காம போயிரும்னு சண்டை போட்டு மூணு நாளா பேசல நீங்க. சில மணி நேரம்தான் மரத்துப்போகுமாம். ஆனா என் ரத்தம் லேசுல உறையாதாம், அதனால அந்த ஊசி எனக்கு ஆகாதுன்னு நேத்து டாக்டரே சொல்லிட்டாரு. நீங்க ஜெயிச்சிட்டதா நினைக்க வேணாம்.”

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

“வலியில உங்க பேரைச் சொல்லித்தான் கத்துவேன். வந்து வெளியே நின்னு கேளுங்க.”