சுவருக்கு அந்தப்பக்கம் விட்ட ஏழு மீன்

ஜூன் 12, வியாழன்

காலையில் தூறல். பாலக்காட்டுப் பக்கத்துக் காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் தரையில். பிரஷர் மாத்திரை வாங்கியாச்சு. குழாய்க்கு வாஷர் மறந்தாச்சு.

பத்து மணிக்குப் பேப்பருக்காகக் காம்பவுண்ட் சுவரோரம் போனேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே பேப்பர். பக்கத்து வீட்டு தேவசகாயம் அண்ணன் படித்துவிட்டு நீட்டுவார், பிறகு நான், பிறகு என் சம்சாரம் கமலம். அவள் ராசிபலன் படிப்பாள், நான் கிண்டல் செய்வேன். இது எங்கள் வீட்டு வழக்கம். இன்று பேப்பர் வரவில்லை. அண்ணன் (இனிமேல் தே.ச., முழுப்பேர் எழுதச் சோம்பல்) கொல்லைத் தொட்டியோரம் குந்தியிருந்தார்.

“ஏனுங் பழனிசாமி, செத்த இங்க வந்து பாருங்க. ஈரோட்டு மேல என்னமோ நூலாட்டம் தொங்குது.”

ஈரோடு என்பது மீன். தே.ச. போத்தனூரில் ரயில் ஓட்டி ரிட்டயர் ஆனவர். சம்சாரம் போன பிறகு கொல்லையில் இடுப்பளவு ஆழத்துக்கு சிமெண்ட் தொட்டி கட்டி கலர் கலராகக் கோய் மீன் வளர்க்கிறார். எல்லாவற்றுக்கும் ஜங்ஷன் பேர். ஈரோடுதான் மூத்தது, சிவப்பும் வெள்ளையும். பேச்சுத்துணை அதுதான்.

விலாவில் வெள்ளை நூல், நகத்தளவு. நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது. தோலில் நுழைந்த இடம் சிவந்து புண். மீன் தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துத் திரும்பியது.

“வெக்கோலுங்களா?” என்றார்.

“இருக்கும்ங்க” என்றேன்.

வைக்கோல் இல்லை. எனக்குத் தெரியும். அதே நூலை நான் முன்பே பார்த்திருக்கிறேன், என் வாளியில்.

எழுதித் தொலைக்கிறேன். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தொண்டாமுத்தூர் போகும் வழியில் ஒரு ஜோசியரைப் பார்க்கப் போனேன். நான். தெரு முழுக்க ஜோசியத்தைக் கேலி பேசும் பழனிசாமி. மகள் சுகன்யாவுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது, எந்த வரனும் நிற்கவில்லை. கமலத்துக்குக்கூடச் சொல்லவில்லை. பரிகாரமாக உயிருள்ள மீன் ஏழு வாங்கி, பொழுது சாய்வதற்குள் உன் கையால் தண்ணீரில் விடு என்றார். வரும் வழியில் ஒரு குளத்துக் கரையில் மீன் பிடிப்பவர்களிடம் ஏழு ரோகுக் குஞ்சு வாங்கினேன். பேரூர் ஆற்றில் விடலாமென்று போனால் ஆற்றில் தண்ணீர் இல்லை, சாக்கடையும் நுரையும்தான். எங்கள் பக்கத்துக் குளத்துக்குப் போனால் கரையில் வாக்கிங் ஆட்கள் மொத்தப் பேரும். ‘என்னங்க வாளி?’ என்று கேட்டால் என்ன சொல்ல? வீட்டுக்கே கொண்டுவந்தேன். தே.ச. சர்ச்சுக்குப் போயிருந்தார். சுவர்மேல் சாய்ந்து அவர் தொட்டியில் கவிழ்த்தேன்.

இரண்டு மீன் மேல் நூல் இருந்தது. பாசி என்று நினைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

வாஷர் இன்றும் இல்லை.

தே.ச. போட்டோ எடுத்து ஒரு மீன் டாக்டரம்மாவுக்கு அனுப்பியிருந்தார். மதியம் போனில் பேசினார்கள், ஸ்பீக்கரில். நானும் பக்கத்தில்.

“அது நூல் இல்லீங்க, புழு. நங்கூரப் புழுன்னு சொல்வோம். தலை சதைக்குள்ள நங்கூரமாட்டம் மாட்டிக்கும். வெளிய தொங்கறது உடம்பு. நுனியில ரெண்டா தெரியுதே, அது முட்டைப் பை. புதுசா ஏதாச்சும் மீன் உட்டீங்களா?”

தே.ச. தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு, “மாப்பிள்ளை ரெண்டு மீன் கொண்டாந்தாருங்க. போன மாசம்” என்றார்.

“கடையில இருந்து வந்த மீனத் தனியா வெச்சுப் பாக்காம உட்டா இப்படித்தானுங்க ஆகும்.”

நான் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். கமலம் கொள்ளுப் பருப்பு வைத்தாள். சாப்பிட முடியவில்லை.

சுவருக்கு அந்தப்பக்கம் தே.ச. போனில் சத்தமாகப் பேசினார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

முன்கதை எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். அவர் மகள் ஜெனி இஷ்டப்பட்டு பிரபுவைக் கட்டிக்கொண்டது. வேற சாதி, வேற மதம். இவர் வருஷக்கணக்கில் பேசவில்லை. போன மாதம்தான் பிரபு முதல்முறையாக வாசப்படி ஏறினான். கையில் பெரிய பாலித்தீன் பையில் இரண்டு கோய் மீன். மாமனாருக்கு என்ன பிடிக்கும் என்று விசாரித்து வாங்கி வந்திருந்தான். அன்று சாயங்காலம் தே.ச. என்னைக் கூப்பிட்டு அந்த இரண்டையும் காட்டினார். “பேரு வெக்கோணும். நல்ல ஜங்ஷனாப் பாக்கறேன்” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

இன்று அதே பிரபுவிடம் சொன்னார்: “நீங்க கொண்டாரது எதும் இந்த ஊட்டுக்கு ஒத்துவராதுங்க.”

அந்தப்பக்கம் என்ன சொன்னார்களோ. பேச்சு நின்றது. பிறகு வெகுநேரம் தண்ணீர் சத்தம் மட்டும்.

கமலம், “பாவம், அந்தப் புள்ள எத்தன ஆசையா வந்துச்சு” என்றாள்.

நான் குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வாஷர் இல்லாமல் எதற்குப் பிரித்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

சொர்ணூர் செத்துவிட்டது. மஞ்சள் நிறம், சின்னது. வாலடியில் நாலைந்து புழு. கறிவேப்பிலைச் செடியடியில் நான்தான் குழி தோண்டினேன்.

“நீங்க இல்லீன்னா என்ன பண்ணியிருப்பேனுங்க” என்றார் தே.ச.

சொல்லாததற்கு இன்று நான் வைத்திருக்கும் காரணங்கள்: அவர் மனது சரியில்லை. செத்த நாளில் எப்படிச் சொல்வது. கடை மீனிலும் புழு இருந்திருக்கலாம். சொன்னால் ஜோசியர் விஷயம் வெளியே வரும், கமலம் சிரிப்பாள், வாக்கிங்கில் தலை காட்ட முடியாது.

கடைசிக் காரணம்தான் உண்மை. மற்றதெல்லாம் சும்மா.

ஜூன் 18, புதன்

திருப்பூரிலிருந்து தரகர் போன். பையன் பனியன் கம்பெனியில் மேனேஜர். ஜாதகம் கேட்டார்கள், கமலம் அனுப்பிவிட்டாள். வீடே பரபரப்பு. சுகன்யா மட்டும், “அனுப்புங்கம்மா, என்ன இப்ப” என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். பரிகாரம் வேலை செய்கிறது என்று தோன்றியது. தோன்றியதும் என்மேலேயே வெறுப்பு. என் பெண்ணுக்கு வழி பிறக்க இன்னொருவர் பெண்ணின் வழியை அடைத்திருக்கிறேன்.

தே.ச. சொன்னார், ஞாயிற்றுக்கிழமை எல்லா மீனையும் பிடித்து டப்பில் போட்டு, தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் காயவிடப் போகிறாராம். டாக்டரம்மா யோசனை. “ஒத்தாசைக்கு வாரீங்களா?”

“வாரேனுங்க.”

தொட்டி காலியானால் ஏழு ரோகும் தெரிந்துவிடும். கறுத்த மீன். இத்தனை நாள் அல்லி இலைக்குக் கீழே அடியிலேயே கிடந்ததால் தெரியவில்லை.

ஜூன் 21, சனி

கேவலம். எழுதவே கூச்சம்.

தே.ச. சாயங்காலம் சர்ச்சுக்குப் போனதும், தேங்காய் பறிக்கும் துரட்டியின் நுனியில் கொசுவலைத் துணியைக் கட்டிக்கொண்டு சுவரில் தொங்கினேன். நாளைக்கு முன் ஏழையும் எடுத்துவிடும் திட்டம். அரைமணி நேரம் துழாவினேன். ஒரே ஒரு தடவை கனத்தது. தூக்கினால் ஈரோடு. வாயைத் திறந்து திறந்து மூடியது. சட்டென்று விட்டுவிட்டேன். முழங்கை சுவரில் உரசி ரத்தம்.

“கையில என்னங்க?” என்றாள் கமலம்.

“சுவரு.”

“சுவரு வந்து இடிச்சுதாக்கும்.”

ஜூன் 22, ஞாயிறு

ஆனது ஆயிற்று.

தே.ச.வும் நானும் மட்டும். ஜெனியும் பிரபுவும் இன்று மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது, வரவில்லை. வாங்கிய கறி ஃபிரிட்ஜில் இருக்கிறது என்று அவரே சொன்னார்.

மோட்டார் போட்டு இறைத்தோம். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் கோய் மீன்களை ஒவ்வொன்றாக உப்புப் போட்ட டப்பில் விட்டார். ஈரத் துணியில் மீனைப் பொத்திப் பிடித்து, இடுக்கியால் புழுவை அடியோடு பிடித்து, மெதுவாக இழுத்து, புண்ணில் அயோடின் வைத்தார். அவசரப்பட்டு இழுத்தால் தலை உள்ளேயே அறுந்துபோகுமாம். மாப்பிள்ளை கொடுத்த இரண்டின் மேலும் புழு இருந்தது. ஒவ்வொன்று. சின்னதாக, முட்டைப் பை வைக்காதது.

பார்த்துவிட்டு அவர், “இது இப்பத்தான் புடிச்ச புழுவாட்டம் இருக்குதே” என்று தனக்குள் சொன்னார்.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. சேற்றில் கறுப்பு முதுகுகள் துள்ளின.

“இதென்னங்க, ரோகு! இதெப்படி இங்க வந்துது?” குனிந்து ஒன்றைப் பிடித்தார். உடம்பு முழுக்க நூல். தடித்துக் கிழடு தட்டிய புழு. “கொக்கு ஏதாச்சும் கொண்டாந்து போட்டிருக்குமுங்களா?”

நல்ல மனுஷன். எனக்கு அவரே வழி செய்து கொடுத்தார்.

“இருக்கும்ங்க” என்றேன்.

அவர் ஒவ்வொன்றாக வாளியில் போட்டார். நான் அல்லிக் கிழங்கை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கடைசி மீனைப் போட்டதும் வாளியைப் பார்த்தார், எண்ணுகிறார் என்று தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். முழங்கைக் கட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு ஏழு மீன் எதற்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“நானுங்கண்ணா” என்றேன். “சுகன்யா கல்யாணத்துக்கு. மே மாசம். பாசின்னு நெனச்சுப்போட்டேன்.”

கோபப்பட்டிருந்தால் தேவலை. சேற்றிலேயே நின்றார். “மாப்பிள்ளைய என்ன பேச்சுப் பேசிப்போட்டேன்” என்றார். என்னிடம் சொல்லவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினார். “நீங்களே சொல்லிருங்க சார்.”

சார். இத்தனை வருஷத்தில் முதல்முறை.

பிரபுதான் எடுத்தான். எல்லாம் சொன்னேன். ஜோசியர், ஆறு, குளம், வாளி, சுவர். கடைசியில், “சரிங்க அங்கிள்” என்று வைத்துவிட்டான்.

ஜூன் 23, திங்கள்

பேப்பர் வரவில்லை.

வாசலில் மூடியோடு ஒரு வாளி. ஏழும் உயிரோடு. எந்தக் குளத்திலும் விடக்கூடாது, விட்டால் அந்தக் குளமும் கெடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. கொல்லவும் மனசு வரவில்லை. பழைய துணி ஊறவைக்கும் டப்பில் விட்டேன்.

கமலத்திடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “என்னைய எத்தன பேச்சுப் பேசியிருக்கீங்க” என்றாள். “எங்கூடச் சொல்லியிருந்தா நானாச்சும் நல்ல மீனாப் பாத்து வாங்கியிருப்பேன்.”

சுகன்யா டப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். “எனக்காகன்னு சொல்லாதீங்கப்பா. நான் கேக்கவே இல்ல.” நியாயம்தான்.

ஜூன் 26, வியாழன்

கல் உப்பு, அயோடின், இடுக்கி. வாஷரும் வாங்கியாச்சு.

காலை முழுக்க ரோகுகளோடு. ஒரு புழு பாதியில் அறுந்தது. ஒரு மீன் செத்தது. ஆறு.

தரகர் போன் செய்தார். ஜாதகம் பொருந்தவில்லையாம்.

பேப்பர் இல்லை. கமலம் செல்போனில் ராசிபலன் பார்த்தாள். நான் கிண்டல் செய்யவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

மேகமூட்டம். காற்று குறைவு.

பக்கத்து வீட்டில் இன்று மீன்களுக்கு இரண்டாம் தடவை மருந்து. முட்டையிலிருந்து புதுசு பொரிக்கும், அதனால் இன்னொரு தடவை போட வேண்டும். என்னைக் கூப்பிடவில்லை. கொல்லையில் உட்கார்ந்து டப்பில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் சத்தம். ஜெனியின் குரல், பாத்திரச் சத்தம், கறி வதங்கும் வாசனை. வந்துவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து உள்ளே போகப் பார்த்தேன்.

“ஏனுங் பழனிசாமி.” சுவருக்கு மேல் தே.ச. தலை. முகத்தில் சிரிப்பில்லை. “வலையப் புடிக்க ஒரு ஆளு வேணும்.”

போனேன். பிரபு பேண்டை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் நின்றான். அவன் கொண்டுவந்த இரண்டில் ஒன்று ஈரத் துணிக்குள் அவன் கையில். தே.ச. அதைக் காட்டி, “விருத்தாசலத்துக்குப் புண்ணு ஆறிப்போச்சு” என்று மாப்பிள்ளையிடம் சொன்னார்.

நான் வலையைப் பிடித்தேன். யாரும் என்னோடு பேசவில்லை. ஈரோடு என் வலையில்தான் ஏறியது, தூக்கிக் கொடுத்தேன். பிரபு வாங்கினான். வாங்கிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, மாமனாருக்குக் கேட்காதபடி கேட்டான்.

“அங்கிள், சுகன்யா அக்காவுக்கு எடம் ஏதாச்சும் அமைஞ்சுதுங்களா?”

“இன்னும் இல்லீங்க தம்பி” என்றேன்.