எதிர்ப் பாயில் கஸ்தூரி

ஜூலை 3, வியாழன்

வெண்ணிலாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இன்னும் அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. "காது நல்லா கேக்குது. நாலு புள்ளைங்களோட வுடும்மா, பேச்சு வரும்" என்றார் பொன்னேரி டாக்டர். அதனால்தான் பால்வாடியில் அஃப்ரீன் டீச்சர் நடத்தும் பாட்டு வகுப்புக்குப் போனேன். தாயும் பிள்ளையும் சேர்ந்து உட்கார வேண்டுமாம். போனால், எதிர்ப் பாயில் யார்? கஸ்தூரி! மடியில் மகன் கவியரசன்.

ஏரியில் மீன் பிடிக்க எங்கள் முறை வந்த அன்று, அத்துமீறி வலை போட்டவன் அவள் புருஷன். பஞ்சாயத்து அவன்மேல்தான் தப்பு என்றது. அப்பவும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த மூஞ்சியைப் பார்த்து நான் கை தட்ட வேண்டுமா?

ஜூலை 10

இருப்பது ஒரே ஒரு சின்ன மோளம். ஒவ்வொரு பிள்ளையும் தட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்குத் தர வேண்டும். கவியரசன் தரவே இல்லை. அப்பன் புத்தி! "எங்க மொறைடா, குடு!" என்று கத்தினேன். டீச்சர் முகம் சுருங்கிப்போனது.

ஜூலை 17

இன்றும் அதே கதை. இன்றும் கத்தினேன். கஸ்தூரி பக்கத்தில் இருந்தவளிடம், என் காதுபட, "பேசாத புள்ளைக்கு இன்னாத்துக்கு மோளம்?" என்றாள்.

பேசாத புள்ளையாம்! அவ நாக்கு அழுவிப் போவ! எழுந்து வந்துட்டேன். வழியெல்லாம் அழுகை. வெண்ணிலா என் கன்னத்தைத் துடைச்சா — ஒரு வார்த்தை சொல்லேன்டி, ஒரே வார்த்தை.

ஜூலை 18

இனிப் போகமாட்டேன். "அவங்களுக்கு பயந்து ஏரிய வுட்டுட்டோமா?" என்கிறார் வீட்டுக்காரர்.

ஜூலை 24

போனேன். கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோளம் வழக்கம்போல கவியரசனிடம் போய் நின்றது. வெண்ணிலா என் மடியைவிட்டு இறங்கினாள். நேரே போய் அவன் தலையில் ஒரு போடு போட்டாள்.

"எங்க மொற! குடு!"

"ஐயோ, பேசிட்டாடி! உம் பொண்ணு பேசிட்டாடி!" என்று அலறியது நானில்லை, கஸ்தூரி. அழுகிற மகனைக்கூட விட்டுவிட்டு வெண்ணிலாவைத் தூக்கிக்கொண்டாள்.

"எம் பொண்ண கீழ வுடுடி" என்றேன். ஏரிச் சண்டைக்குப் பிறகு நேராக அவளிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். கோபம் போகவில்லை. போகாது.

ஜூலை 30

வீட்டில் வெண்ணிலா மறுபடி வாயே திறக்கவில்லை. கெஞ்சினேன், மிரட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. இதில் நாளைக்குக் கஸ்தூரி மீன் விற்கப் போகிறாளாம், வகுப்புக்கு வரமாட்டாளாம்.

அவள் வாசலுக்கே போனேன். உள்ளே காலை வைக்கவில்லை.

"நாளைக்கு நீ வந்தே ஆவணும். எம் எதிர்லயே உக்காரணும். உம் புள்ள மோளத்த குடுக்கவே கூடாது."

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டினாள்.