மணிக்கு வந்த மஞ்சள்

நவம்பர் 3, திங்கள்
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. ஸ்டோர் கணக்கெழுதும் கிளாக்கர், அதாவது என்னைக் கட்டியவர், இன்றும் எங்கள் நாய் மணியைத் தேயிலைத் தோட்டத்து அரிசி ஸ்டோருக்கு இழுத்துப் போனார். எலி பிடிக்க. எலி பிடிக்கும் கூடு வேண்டும் என்று தோட்டத்துத் துரையிடம் கேட்கப் பயம். வீட்டு நாயை அனுப்ப மட்டும் தைரியம். மாலையில் இவருக்கு மேலே இருக்கும் பெரிய கிளாக்கர் வந்தார். டீயை உறிஞ்சிக்கொண்டே, "ஒங்க நாய் புலிங்க." இவர் நெஞ்சை நிமிர்த்தினார், எலியைக் கடித்தது இவர் பல் என்பதுபோல்.

6, வியாழன்
மணி சாப்பிடவில்லை. இரண்டு தரம் வாந்தி. "எலியத் தின்ன வயிறு, செரிக்கல," என்றார் இவர். பெரிய கிளாக்கரின் வைத்தியம்: விளக்கெண்ணெய். அந்த ஆளுக்கு எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய்தான்.
மண்ணெண்ணெய், துணி துவைக்கச் சவர்க்காரம் வாங்க வேண்டும்.

7, வெள்ளி
மணியின் கண் மஞ்சள். ஈறும். மூத்திரம் பால் விடாத பிளேன்டீ நிறம். இவருக்கு ஸ்டோரில் தலைபோகிற வேலையாம். மணியைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு நானே பண்டாரவளை பஸ் ஏறினேன்.
"நாய எறக்குங்கம்மா," என்றான் கண்டக்டர்.
"எறக்கினா நீங்க தூக்கிட்டு வர்றீங்களா?"
அடுத்த சீட்டுக்கு டிக்கெட் கிழிக்கப் போனான்.
மிருக வைத்தியர் சிங்களவர். தமிழ் அரைகுறை, விளக்கம் முழுசு. "எலிக் காய்ச்சல், நோனா. கிருமி எலி மூத்திரத்தில இருக்கு. எலிய கடிச்சா வரும், அது பட்ட தண்ணி குடிச்சாலும் வரும். மனுசருக்கும் வரும். கையில காயம் இருந்தா கவனம்." ஊசி போட்டார். பிந்திவிட்டது என்றார். முன்பே தடுப்பூசி போட்டிருக்கலாமாம்.
போன வருடம் நான் கேட்டபோது இவர் சொன்னது: "நாய்க்கு எதுக்கு ஊசி? அது என்ன கொழும்புக்கா போவுது?"

8, சனி
அந்த ஸ்டோர் அரிசிதான் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போகிறது. இவரைத் துரையிடம் சொல்லச் சொன்னேன்.
"நாய் டாக்டர் பேச்சக் கேட்டு என் வேலைய விடச் சொல்றியா?"
பெரிய கிளாக்கரிடமும் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு. "கழுவித்தானம்மா ஆக்குறாங்க." அவர் வீட்டு அரிசி மட்டும் பண்டாரவளைக் கடையிலிருந்து.

10, திங்கள்
விடியும்போது மணி போய்விட்டது. கையில் துணி சுற்றிக்கொண்டு கடைசிவரை தலையைத் தடவினேன். இவர் அழுதார். அப்புறம் முகம் கழுவி, தலை சீவி, ஆபீசுக்குப் போய் மணியைப் பாம்பு கடித்தது என்று சொல்லிவிட்டாராம். நாயின் சாவிலும் இவருக்கு ஒரு கௌரவம் வேண்டும்.
குழி நான்தான் வெட்டினேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரை கழுவினேன்.

14, வெள்ளி
இவருக்குக் காய்ச்சல். கண் சிவப்பு. கெண்டைக்காலைத் தொட்டால் முனகல். "மழையில நனைஞ்சது." உள்ளங்கையில் நாய்ச்சங்கிலி கிழித்த புண். மிருக வைத்தியர் சொன்னது நினைவுக்கு வர, வெந்நீர் வைத்துக் கழுவிவிட்டேன். இந்த மனிதருக்காகவா நான் பயப்படுகிறேன்? என் மேலேயே எரிச்சல்.

15, சனி
பதுளை ஆஸ்பத்திரி. தோட்டத்து லொறி. பெரிய கிளாக்கரும் கூட, மூக்கைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு.
டாக்டர் கேட்டார்: "எலி இருக்கிற எடத்துல வேலையா?"
இவர் என்னைப் பார்த்தார். நான் இவர் உள்ளங்கைப் புண்ணைப் பார்த்தேன். பெரிய கிளாக்கர் இவரையே முறைத்துக்கொண்டிருந்தார்.
"ஆமாங்க," என்றார் இவர், குரலே இல்லாமல். "அரிசி ஸ்டோரு. மூட்டைக்கு மூட்டை எலி. லயத்துக்கும் அதத்தான் குடுக்குறோம்."
டாக்டர் பேனாவை எடுத்து, எந்தத் தோட்டம் என்று கேட்டார்.