ராக்கம்மாளின் கைநாட்டு

9.8.1984, வியாழன்

குறைமாதக் குழந்தைகள் வார்டின் கவனிப்பு திருப்தியா என்று பெற்றோரிடம் எழுதி வாங்கும்படி டாக்டர் என்னிடம் தாள்களைக் கொடுத்தார். போடிமெட்டு எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் வந்த ராக்கம்மாளிடம் கேட்டேன். பெற்று நான்கு நாளாகியும் அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. தாய்மாரை உள்ளே விடுவதில்லை.

"கவனிப்பு எப்படி இருக்கு?"

"எல்லாம் நல்லா இருக்கு நர்சம்மா."

எதைக் கேட்டாலும் அதே பதில். 'திருப்தி' என்று நானே எழுதிக் கைநாட்டு வாங்கினேன். உடனே எழுந்து சேலையைச் சரிசெய்தாள்.

"இப்பப் புள்ளையக் கொண்டாங்க."

முதலில் எனக்குப் புரியவில்லை. எஸ்டேட்டில் கூலியாட்களுக்கான கம்பளியை, கைநாட்டு வைத்ததும் கையில் கொடுத்துவிடுவார்களாம். இதையும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். இது அதற்கில்லை என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. விரலைக் கழுவிக்கொள்ளச் சொன்னேன்.

"வேணாம் நர்சம்மா. மை அழிஞ்சிட்டா, நான் கைநாட்டே வைக்கலன்னு சொல்லிப்புடுவீக."

நான் கிளம்பும்போது குழந்தையின் மூச்சு சரியில்லை. அவள் வார்டு கதவருகில், கட்டைவிரல் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

டாக்டர் காலையில் கேட்பார். தாள் என் பையில் இருக்கிறது. அதில் அவளுடையது ரேகை மட்டும்தான். 'திருப்தி' என் கையெழுத்து.