பில்பெர்ரியைப் புல்லில் விட்டார்கள்

மார்ச் 9

இன்றும் லோர்னாவோடு பேசவில்லை. லாயம் இப்போது மகள் அவள் பேரில் இருக்கிறது, அதனால் என் பேச்சு எடுபடாது. குளிர்காலம் முழுக்க எங்கள் குதிரை பில்பெர்ரியை மணல் தடத்தில் ஓடவிட்டாள். நாலு பந்தயம், நாலிலும் கடைசி. பில்பெர்ரி புல்லில் ஓடுகிற குதிரை என்று நவம்பரிலேயே சொன்னேன். முன்னால் போகிறவை மணலை வாரி முகத்தில் அடித்தால் யாருக்குத்தான் ஓடப் பிடிக்கும்?

பக்கத்து லாயத்து ஆம்ப்ளர் வேலிக்கு அந்தப்புறம் நின்று கேட்கிறான்: "என்ன ஹெட்டி, உன் குதிரை மணல்ல நண்டு புடிக்குதா?"

மார்ச் 17

பில்பெர்ரியை வாங்கலாமா என்று சவாரிப் பள்ளிக்காரர் வந்து அவள் பல்லைப் பார்த்துவிட்டுப் போனார். லோர்னா சொல்கிறாள்: "புல் பந்தயம் தொடங்குற அன்னிக்கு டான்காஸ்டர் மைதானத்துல ஓட விடறேம்மா. முதல் நாலுக்குள்ள வரலைன்னா அவருக்குக் குடுத்துடுவேன். அப்புறம் அழக்கூடாது."

அழுவதா? நானா?

மார்ச் 24

வேலியோரம் புல் பச்சை பிடித்துவிட்டது. மண்டியிட்டு முகர்ந்து பார்த்தேன். எழுந்திருக்கத்தான் பெரும்பாடு. இருந்தாலும் — புல் காலம் வந்துவிட்டது!

மார்ச் 28

டான்காஸ்டரிலிருந்து இப்போதுதான் வீடு வந்தோம். எங்கே தொடங்க?

பாதித் தூரம் வரை பில்பெர்ரி கூட்டத்துக்குள் புதைந்து கிடந்தாள். அப்புறம் ஒரு பாய்ச்சல்! கடைசியில் ஆம்ப்ளரின் சாம்பல் குதிரையும் இவளும் மூக்கோடு மூக்கு. எல்லைக்கோட்டில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும் என்றது ஒலிபெருக்கி. எனக்கு எதற்குப் படம்? கடிவாளத்தைப் பிடித்து நேராகக் கூட்டிப்போய், ஜெயித்த குதிரை நிற்கிற 'முதல்' பலகைக்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

தொப்பி போட்ட அதிகாரி ஓடி வந்தார். "அம்மா, முடிவு இன்னும் வரலைங்க."

"உங்களுக்கு வரலை. எனக்கு வந்தாச்சு."

"ஏய் கிழவி, நகரு! அது என் இடம்!" என்றான் ஆம்ப்ளர்.

"யாருடா கிழவி? உன்னைவிட ரெண்டு மாசம் சின்னவ நான்."

"அம்மா, மானத்தை வாங்காதே," என்று லோர்னா கையைப் பிடித்து இழுக்கிறாள். இழுக்கிறாளே தவிர, சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

சாம்பல்தான் முதல் என்று அறிவித்தார்கள். பில்பெர்ரி இரண்டாவது. இரண்டாவது! ஒரே ஒரு பலகை தள்ளி நகர்ந்தேன், ஆடிக்கொண்டே. ஆம்ப்ளரே தொப்பியைக் கழற்றிவிட்டான். வரும் வழியெல்லாம் குதிரை ஏற்றுகிற லாரியில் லோர்னாவும் நானும் பாட்டுத்தான். இரண்டு பேருக்கும் ராகம் வராது.

என் கணக்கில் இன்னும் பில்பெர்ரிதான் முதல்.

மார்ச் 29

தொண்டை கட்டிவிட்டது. இருந்தும் ஆம்ப்ளரைப் பார்த்து நண்டு மாதிரி விரல்களை அசைத்துக் காட்டினேன்.

ஏப்ரல் 2

காலைச் சாப்பாட்டின்போது லோர்னா பந்தய அட்டவணையை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "அடுத்து எங்கேம்மா ஓட விடலாம்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? மே மாதம், யார்க் மைதானம். இருந்தாலும் இன்னும் இரண்டு நாள் வந்து வந்து கேட்கட்டும்.