சனியனின் தீனிப்பை

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டி, வராமலே போனது. துணி வெளுக்கிற டோபிக் கடை வேலைக்குக் கிளம்புமுன் கோழிக் கூண்டைத் திறந்தேன். வழக்கமாகக் காலைச் சுற்றி ஓடி வரும். இன்று மூலையில் இறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நேற்றுப் போட்ட சோளக் குருணை அப்படியே கிடக்கிறது.

கழுத்துக்குக் கீழே, வலது பக்கம், முட்டை அளவுக்குப் புடைப்பு. தொட்டால் பிசைந்த மாவு மாதிரி. அது தீனிப்பை. இராத்திரி தின்றதெல்லாம் விடிவதற்குள் கீழே இறங்கி, காலையில் தட்டையாக இருக்க வேண்டும். எஸ்டேட்டில் கோழியோடு வளர்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா. இறங்கவில்லை.

இனி எல்லாவற்றையும் எழுதி வைக்கப் போகிறேன். போன ஆகஸ்டில் அவருக்கு வாதம் அடித்தபோது, கை எப்போதிலிருந்து மரத்தது, வாய் எப்போது கோணியது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மாடு மாதிரி நின்றேன். அந்தக் கோபம் எனக்கு என் மேலேயே இன்னும் தீரவில்லை.

அவரிடம் சொல்லவில்லை. கடைக்குப் போனேன். வேலைக்குப் போகும் நான்கு மணி நேரமும் பக்கத்து வீட்டு சரசு அக்காதான் அவரை எட்டிப் பார்த்துக்கொள்வார். திரும்பி வந்தபோது அக்கா வாசலில்.

"செல்வி, உன் வீட்டுக்காரரு காலைலேருந்து அந்தக் கோழியக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு லா. அது வரவே மாட்டேங்குது."

ஜூலை 8, செவ்வாய்

நல்ல வெயில். கட்டி அதே அளவு. கல் மாதிரி இறுகியிருக்கிறது. எச்சம் பச்சைத் தண்ணீர்.

கோழியின் பேர் சனியன். நாங்கள் வைத்த பேர் இல்லை. வாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டும் என்றாலும் சனியன். விசிறியைப் போடு என்றாலும் சனியன். முப்பது வருடம் லோரி ஓட்டிய மனுஷன், லூமுட் ரோட்டில் குறுக்கே வந்த அத்தனை மோட்டார்காரனையும் அந்தச் சொல்லால்தான் திட்டினார். மற்ற சொல்லெல்லாம் போய்விட்டது, இது மட்டும் தங்கிவிட்டது. சித்திரையில் சுங்கை சிப்புட்டிலிருந்து நாத்தனார் ஒரு குஞ்சைப் பெட்டியில் கொண்டு வந்தாள். வளர்த்துக் குழம்பு வைக்கச் சொல்லித்தான் கொடுத்தாள். அவர் "சனியன்" என்றார், அது ஓடி வந்து மடியில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அதுதான் பேர். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக அந்தப் பேரைச் சொல்லாதே என்று சரசு அக்கா திட்டுவார்.

என்ன திட்டினாலும் சரி. அவர் ஒன்று சொல்லி, அது சரியாகப் போய்ச் சேர்கிற இடம் இந்த உலகத்தில் அந்தக் கோழி மட்டும்தான். நான்கூட இல்லை. நான் பாதி நாள் தண்ணீர் கேட்டால் போர்வையைக் கொண்டு போய்க் கொடுக்கிறேன்.

மாலை மருந்து கேட்டுக் கோழித்தீனிக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் சிரித்தார்.

"கோழிக்கு வைத்தியமா அக்கா? ரொம்ப இழுக்காம கறி வச்சிடுங்க லா. நோவு முத்துனா கறியும் வாயில வைக்க முடியாது."

"உங்க வீட்ல யாருக்காச்சும் முடியலன்னா அப்படித்தான் செய்வீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மருந்தும் வாங்காமல் வந்துவிட்டேன். புத்தி கெட்டவள்.

ஜூலை 9, புதன்

கொடுத்தவை:
நல்லெண்ணெய், அரை ஸ்பூன், காலை
வெதுவெதுப்பான தண்ணீர், சொட்டுச் சொட்டாக
கட்டியைக் கீழிருந்து மேலாக நீவல், பத்து நிமிடம், மூன்று தடவை
தீனி இல்லை

ஒன்றும் இறங்கவில்லை. வாயிலிருந்து புளித்த கள் நாற்றம். தலைகீழாகப் பிடித்து அமுக்கினால் எல்லாம் வெளியே வரும் என்று சரசு அக்கா சொன்னார். பிடிக்கப் போனேன். அவர் நாற்காலியிலிருந்து "சனியன்! சனியன்!" என்று கத்திய கத்தலில் கையை எடுத்துவிட்டேன். நல்லவேளை செய்யவில்லை.

மதியம் முதலில் ஒரு மிருகக் கிளினிக்குக்குப் போனேன். நாய், பூனை மட்டும்தானாம். வரவேற்பில் இருந்த பெண் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது கிளினிக்கில் சீன டாக்டர் அம்மா. சின்னப் பெண்தான். சிரிக்கவில்லை. தொட்டுப் பார்த்தார், எடை போட்டார், மலாயில் மெதுவாகச் சொன்னார்: உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது, நீவிக் கரையாது, நாளைக் காலை கீறி எடுக்க வேண்டும். பிழைக்குமா என்று கேட்டேன். நெஞ்செலும்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். கத்தி முனை. சதையே இல்லை. எத்தனை நாளாக இப்படி இளைத்தது? இறகுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது கள்ளி.

ஜூலை 10, வியாழன்

கடைக்கு லீவு சொன்னேன். முதலாளி ம்ம் என்றார். அந்த ம்ம் நல்ல ம்ம் இல்லை.

டாக்டர் கோழியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மரத்துப் போக ஊசி. இறகைப் பிய்த்துவிட்டு ஒரு விரல் அளவுக்குக் கீறினார். இரத்தம் அதிகம் இல்லை. இடுக்கியை விட்டு இழுத்தார். வந்துகொண்டே இருந்தது.

புல். ஒரு சாணுக்கு மேல் நீளம், கயிறாக முறுக்கிக்கொண்டு, பச்சையெல்லாம் போய்க் கறுத்து. நடுவில் வெள்ளை நூல். நூலில் ஒரு முடிச்சு.

அது என் முடிச்சு. இரட்டைச் சுற்று, ஒரு இழுப்பு. நாற்பது வருடமாக அப்படித்தான் போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிக்கூடத் திடல் ஓரம் அருகம்புல் பறித்து, நூலில் கட்டி, பிள்ளையார் படத்துக்கு மாலை போடுவேன். சனிக்கிழமை கழற்றுவேன். சாமிக்குப் போட்டதைக் குப்பையில் போடக்கூடாது, கால் படுகிற இடத்திலும் போடக்கூடாது. கோழிக்குக் கொடுத்தால் தோஷமில்லை. அவரும் வலது கை விரலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லியிருந்தாள். அதனால் மாலையை அவர் மடியில் வைப்பேன். அந்தச் செத்த விரல்களால் ஒவ்வொரு புல்லாக உருவி, நீட்டி, அவர் ஊட்டுவார். ஒரு மாலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். மீந்த நூல் எங்கே போனது என்று ஒரு நாளும் நான் பார்க்கவில்லை. எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சாமி காரியமும் ஆச்சு, கைக்கும் வேலை ஆச்சு.

கோழிக்குப் பல் இல்லை, நீளப் புல்லை அப்படியே விழுங்கும், உள்ளே போய் முறுக்கிக்கொள்ளும், வெட்டித்தான் போட வேண்டும். டாக்டர் சொன்னார். எஸ்டேட்டில் கோழி தானே கொத்தித் தின்னும். வேரோடு இருக்கிற புல்லின் நுனியைத்தான் அதனால் கிள்ள முடியும். கட்டி வைத்து, கையில் எடுத்து ஊட்டினது நாங்கள்தான்.

தையல் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். என்ன இருந்தது என்று அவர் கண்ணால் கேட்டார். பிளாஸ்டிக் என்றேன். ரோட்டில் கிடந்த பிளாஸ்டிக் பை.

ஜூலை 11, வெள்ளி

மழை. பிள்ளையாருக்கு மாலை இல்லை. விளக்கு மட்டும். ஏற்றும்போது திட்டினேன். உனக்குத்தானே கட்டினேன், உனக்குத் தெரியாதா, ஒரு தடுப்புப் போட்டிருக்கக்கூடாதா. பிறகு பயம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கோழிக்கு, டாக்டர் தந்த கிளிக்குஞ்சு மாவு. வெந்நீரில் கூழாகக் கரைத்து, ஊசி இல்லாத ஊசிக்குழாயில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நாக்குக்குப் பின்னால் மூச்சுக்குழல் ஓட்டை இருக்கிறது, அதில் போய்விட்டால் அவ்வளவுதான். அதன் பிறகு அவருக்குக் கஞ்சி. அவருக்கும் புரையேறக்கூடாது. வாய் துடைக்கக் கோழிக்கு ஒரு துண்டு, அவருக்கு ஒரு துண்டு. இன்று இரண்டும் மாறிப்போச்சு. மாறினதைக் கண்டு அவர் சிரித்தார். பாதி வாய்ச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் கோழி தானாக ஒரு வாய் தண்ணீர் குடித்தது! அவர் கூப்பிட்டதும் தலையைத் தூக்கியது. இருந்துவிடும்போல.

பின் சந்தில் துணி காயப்போடும்போது சரசு அக்காவிடம் புல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க அக்கா."

"நான் ஏம்மா சொல்லப் போறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

ஜூலை 12, சனி

கோழி நேற்றைவிட மந்தம். கூழ் பாதி வெளியே வருகிறது. தையல் நன்றாகத்தான் இருக்கிறது. தீனிப்பை காலியாகிறது, ஆனால் கீழே எதுவும் வேலை செய்யவில்லைபோல. எச்சத்தில் கூழ் கூழாகவே.

நான் கடையில் இருந்தபோது நடந்தது. திரும்பி வந்தால் அக்கா என் வாசற்படியில் உட்கார்ந்து அழுகிறார்.

"நான் ஆறுதலாத்தான் சொன்னேன் செல்வி. அண்ணே கோழியப் பார்த்துப் பார்த்துக் கண்ணு கலங்குனாரு. மனசு கேக்கல. 'நீங்க தெரிஞ்சா கொடுத்தீங்க அண்ணே? சாமி புல்லுதானே, நீங்க என்ன பண்ணுவீங்க'ன்னு சொல்லிட்டேன்."

அக்காவை அடிக்கலாம்போல இருந்தது. ஆனால் இந்த ஒரு வருடமாக அக்கா இல்லாவிட்டால் நான் வேலைக்கே போயிருக்க முடியாது. காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

உள்ளே அவர் வலது கையை மடியில் போட்டு, இடது கையால் அதை மூடி வைத்திருந்தார். கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு

அவர் சாப்பிடவில்லை. காலை இல்லை. மதியம் இரண்டு வாய், அதையும் துப்பினார். கட்டினது நான்தான், நூலைக் கழற்றாமல் கொடுத்ததும் நான்தான் என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன். காதில் வாங்கவில்லை. பிளாஸ்டிக் என்று பொய் சொன்னவள் பேச்சை யார் நம்புவார்கள்.

கோழியைக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். ஒரு சொல்தான் இருந்தது. அதுவும் இப்போது வருவதில்லை. வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது. தாங்க முடியவில்லை. மாத்திரைக்கு முன்னால் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று மூக்கைப் பிடித்து ஊட்டாத குறையாக நான்கு ஸ்பூன் கொடுத்தேன். அழுதுகொண்டே விழுங்கினார்.

ஜூலை 14, திங்கள்

வெயில். டாக்டருக்குப் போன். கூழ் அப்படியே வருகிறது என்றால் குடல் நின்றுவிட்டது, கஷ்டப்படும், கொண்டு வந்தால் வலிக்காமல் உயிர் போக ஊசி போட்டு விடலாம் என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அது போனால் இவர் போய்விடுவார். வேறு என்ன எழுதுவது. எனக்கு அதுதான் பயம்.

ஜூலை 15, செவ்வாய்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டுகிறேன். எடை இன்னும் குறைவு. கையில் தூக்கினால் காலிப் பை. கொண்டை வெளுத்துவிட்டது. கடையில் இன்னொரு ஆளைப் பார்த்துவிட்டதாக முதலாளி சொல்லி அனுப்பினார். சரி.

சாயங்காலம் கோழியை அவர் மடியில் வைத்தேன். தொடவில்லை. கையை இரண்டு பக்கமும் தூக்கி வைத்துக்கொண்டார், தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்கிற மாதிரி.

ஜூலை 16, புதன்

தூறல். காலை ஏழு மணி. கோழிக்குத் தலை நிற்கவில்லை. துண்டில் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூழ் வெதுவெதுப்பாக, சரியான பதம். அலகைத் திறக்கவில்லை. நகத்தால் பிரித்தேன். இரண்டு சொட்டு உள்ளே போனது. மிச்சம் மூக்கு வழியாக வந்தது. துடைத்துவிட்டு மறுபடியும். இன்னும் கொஞ்சம்டா, இன்னும் கொஞ்சம்.

அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. லோரி ஸ்டியரிங் பிடித்த கை.

"விடு."

காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். குழாயை மறுபடியும் வாய்க்குக் கொண்டு போனேன்.

"விடு செல்வி."

கொஞ்சம் குழறல். ஆனால் என் பேர். பதினொரு மாதம் கழித்து என் பேர்.

விட்டேன். கோழியைத் துண்டோடு அவர் மடியில் வைத்தேன். இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை. வலது கையை எடுத்து அதன் முதுகில் வைத்துக்கொண்டார். எட்டே முக்கால் வரை மூச்சு இருந்தது. ஒரு தடவை காலை நீட்டியது. அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் போய்க் கேட்டேன். செத்த கோழி மடியில் இருக்கிறது, நான் தரையில் மண்டி போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை என் பேரைச் சொல்லுங்க என்று கெஞ்சினேன். "செல்வின்னு சொல்லுங்க. இப்பச் சொன்னீங்கதானே. செ. செல்." அவர் வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியெல்லாம் வியர்வை. வரவில்லை. "ஒரே தடவை. மெதுவா. செல்." வாயில் எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன். மறுபடியும் கேட்டேன்.

மணி பத்தாகிறது. கோழியை இன்னும் எடுக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இதை எழுதுகிறபோதும் நடுநடுவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.